கடுதாசிக்குப் போட்ட உப்பு

எழுதிப் பழகாத கை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் நான் எழுதியது கையெழுத்து மட்டும்தான். அதையும் மாதத்துக்கு ஒரு மாதிரிப் போடுகிறேன் என்று சம்பளம் தருகிற கிளாக்கர் ஏசுவார். ஆகவே முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் எனக்கு மறந்துபோகும். முகங்களும் மறந்துபோகும். குதிக்கால்கள் மட்டும் மறக்கவில்லை. என் வேலை அப்படி.

எழுதச் சொன்னது எங்கள் உரும்பிராயில் பக்கத்து வளவில் இருக்கும் நேர்ஸ் பிள்ளை. ஒருநாள் வேலியால் எட்டிப் பார்த்து, "மாமி, இப்ப பிறக்கிற பிள்ளையள் எல்லாருக்கும் குதியிலை குத்தி, இரத்தத்தைக் கடுதாசியிலை ஒத்தி அனுப்புறம். புது முறை" என்றது.

"நாங்கள் எண்பத்தஞ்சு எண்பத்தாறிலையே செய்தனாங்கள்" என்றேன்.

"சும்மா புளுகாதேங்கோ மாமி. அப்ப இஞ்சை கரண்டே இல்லை."

"குதிக்கு என்னத்துக்குக் கரண்ட்?"

அதன் பிறகுதான், எழுதித் தாருங்கள், ஆஸ்பத்திரி மலரில் போடலாம் என்று பிடித்த பிடி விடவில்லை. இப்போது அவர்கள் பார்ப்பது வேறு வருத்தத்துக்காம், வேறு நோயாம். நாங்கள் பார்த்தது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற வருத்தத்துக்கு. பெயரை எழுதித் தந்தது அந்தப் பிள்ளைதான். எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் அதற்குக் கூழ் வருத்தம் என்று பெயர்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு கலவரத்தில் அடிபட்டுச் சனம் கொழும்பிலிருந்து கப்பலில் எங்கள் பக்கம் வந்து இறங்கிய காலத்தில் எனக்கு அற்றென்டன் வேலை கிடைத்தது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் வருடம் நோயாளிகளின் மலச்சட்டி கழுவினேன். இரண்டாம் வருடமும் சட்டிதான், ஆனால் வேறு வாட்டுச் சட்டி. பிறகு பிள்ளைப்பேற்று வாட்டில் விட்டார்கள். காரணம், நான் வாய் திறக்கமாட்டேன். அங்கே வாய் திறக்கிறவர்கள் ஏற்கெனவே போதும்.

பெரியவரும் அந்தக் கலவரத்தில் வீட்டைப் பறிகொடுத்து வந்தவர்தான். குழந்தைகள் டொக்டர். இங்கிலாந்தில் படித்தவர். வாட்டில் எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வோம், ஆள் என்னவோ என் தோளளவுதான். அவரும் கதைக்கமாட்டார். "ம்" என்பார். சின்ன "ம்" என்றால் சரி. நீண்ட "ம்" என்றால் திரும்பவும் செய். மேட்ரன் கேள்வி கேட்டால் மூக்கால் ஒரு "ம்" வரும். அதற்கு என்ன கருத்து என்று மேட்ரனுக்குக் கடைசிவரை தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

ஆனால் பிறந்த பிள்ளைகளோடு மட்டும் நன்றாகக் கதைப்பார். அதுவும் மரியாதையாக. ஊசியைக் கையில் எடுத்து, குனிந்து, "ஐயா, கொஞ்சம் நோகும். குறை நினையாதேங்கோ" என்பார். பெண்பிள்ளை என்றால் "அம்மா". பெற்றவளை நீர் என்பார், பிள்ளையை நீங்கள் என்பார். முதல்நாள் அதைக் கேட்டு எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் போர்வை மடிக்கிற மாதிரித் திரும்பி நின்றேன்.

இங்கிலாந்தில் அவரோடு படித்தவர் ஒருவர் இந்த இரத்தத்தைப் பார்க்கிற இடத்தில் இருந்தார். அவர் தபாலில் ஒரு கட்டுத் தடித்த தாள் அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடத்து மையொற்றுத் தாள் மாதிரி, மேலே மூன்று வட்டங்கள் அச்சடித்திருக்கும். உடம்பில் ஊறுகிற நீரெல்லாம் கூழ் மாதிரித் தடித்துப் போகிற வருத்தமாம். நெஞ்சிலே சளி இறுகும், தின்றது செமிக்காது, பிள்ளை தேறாது. பிறந்தவுடன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரத்தத்தில் தெரியும். பிள்ளைகளை இழந்த குடும்பங்களில் பிறக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதலில் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அப்படியான வருத்தம் அபூர்வம் என்று மற்ற டொக்டர்மார் சொன்னார்களாம். "தேடாமல் எப்பிடி அபூர்வம் எண்டு தெரியும்?" என்று பெரியவர் கேட்டதாக நேர்ஸ் மிஸிமார் சொல்லிக்கொண்டார்கள். ஒரு முழு வசனம் பேசினார் என்றால் அது பெரிய கதை.

என் வேலை கால் பிடிப்பது. எப்படி என்று எழுதுகிறேன், இப்போதைய பிள்ளைகள் சிரிக்கட்டும். முதலில் துணியை வெந்நீரில் தோய்த்துப் பிழிந்து காலைச் சுற்ற வேண்டும். சூடு என் கழுத்தில் வைத்துப் பார்த்து எனக்குச் சுகமாக இருந்தால் சரி. கால் சிவந்து வந்ததும் பெரியவர் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார். காயும்வரை நிற்க வேண்டும், ஊதக்கூடாது. குதியின் நடுவில் குத்தக்கூடாது, ஓரத்தில்தான். முதல் துளியைப் பஞ்சால் எடுத்து எறிந்துவிட வேண்டும். இரண்டாம் துளி திரண்டு தொங்கும்வரை பொறுத்திருந்து, தாளை மெல்லத் தொட வைத்தால், துளி தானாக வட்டத்துக்குள் பரவி மறுபக்கம் தெரியும். காலை அமத்திப் பிழியக்கூடாது. ஒருமுறை புது மிஸி ஒருத்தி பிழிந்தபோது பெரியவர், "பிள்ளை, உது பசுமாடில்லை" என்றார். அவள் மத்தியானம் சாப்பிடவில்லை.

பிறகு காய வைப்பது. இரண்டு பால்மாத் தகரப் பேணிகளுக்கு நடுவில் தாளைப் பாலம் மாதிரி வைப்போம், ஈரமான இடம் எதிலும் முட்டாமல். நிழலில்தான். வெயில் பட்டால் பழுது. எறும்புக்காக மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தினோம். மேட்ரனுக்கு அது பிடிக்கவில்லை. அவவுக்கு வாட்டில் நோயாளிகளைவிட நிலம் முக்கியம். சிவப்பு மெழுகு பூசி மினுக்கிய நிலத்தில் நாலு சிரட்டை வைத்தால் கோபம் வரும்தானே. "ஆஸ்பத்திரியோ, மாட்டுக் கொட்டிலோ?" என்று கேட்டா. பெரியவர் மூக்கால் "ம்" என்றார்.

தாய்மார் பலவிதமாகச் சொன்னார்கள். இரத்தத்தை வெள்ளைக்காரனுக்கு விற்கிறார் என்றாள் ஒருத்தி. "ரெண்டு சொட்டு இரத்தத்தை வாங்கி அவன் என்ன, பொட்டு வைக்கவோ?" என்று அடுத்த கட்டில்காரி கேட்டாள். நான் அடுத்த பிள்ளையின் காலைப் பிடித்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் தொண்டைமானாற்றிலிருந்து யோகம் வந்தாள். இருபத்தைந்து வயது வராது. மூன்றாம் பிள்ளைப்பேறு, ஆனால் வீட்டில் பிள்ளை இல்லை. முதலாவது நாலு மாதத்தில் போய்விட்டது, இரண்டாவது ஒரு வயதுக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டும் நன்றாகப் பால் குடித்தும் தேறாமல், இருமி இருமிப் போனவை. இந்தமுறை பிறந்தது ஆண்பிள்ளை. அவள் அவனைத் தூக்குவாள், பால் கொடுப்பாள், திரும்பக் கிடத்துவாள். கொஞ்சமாட்டாள். கொஞ்சிப் பழகினால் பிறகு கஷ்டம் என்று நினைத்தாளோ என்னவோ.

கூட இருந்தது மாமியார் அன்னமுத்து. கருவாடு போட்டே குடும்பத்தை நிமிர்த்திய மனுசி. வாட்டு முழுக்க அவவின் குரல்தான். பெரியவர் யோகத்திடம் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமியார்தான் பதில்.

"நீரும் உம்மடை மனிசனும் சொந்தமோ?"

"சொந்தமில்லாமல்?" என்றா அன்னமுத்து. "இவள் என்ரை கூடப்பிறந்த அண்ணையின்ரை மகள். பின்னை, றோட்டாலை போறவளையோ கட்டிவைக்கிறது?"

"பிள்ளையைக் கொஞ்சேக்கை உப்புக் கரிக்குதோ?"

"டொக்டர் ஐயா, எங்கடை கிணத்துத் தண்ணி உப்பு, காத்து உப்பு, நாங்கள் செய்யிற தொழில் உப்பு. எங்கடை பிள்ளை பின்னை சீனி மாதிரியோ இருக்கும்?"

வாட்டே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. யோகமும் சிரிக்கவில்லை. மாமியார் வெற்றிலை துப்பப் போன நேரம் பார்த்து யோகம் மெல்ல, "மற்ற ரெண்டும் அப்பிடித்தான் டொக்டர். நெத்தியிலை வாய் வைச்சால் கடல் தண்ணி மாதிரி. இவனை நான் இன்னும் பாக்கேல்லை, பயத்திலை" என்றாள்.

பெரியவர் குனிந்து பிள்ளையின் நெற்றியைச் சுண்டுவிரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். "ம்" என்றார். அது நான் அதுவரை கேட்காத ஒரு "ம்".

இடது குதியில் குத்தினோம். அவன் அழவில்லை, என்னை முறைத்துப் பார்த்தான். தாள் காய்ந்து தபாலில் போனது. தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போனார்கள்.

மூன்று கிழமை அளவில் பதில் வந்தது. இரத்தத்தில் பார்க்க வேண்டிய பொருள் கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல இன்னொரு தாள் வேண்டும், பிள்ளை வளர வளர அது குறைந்துவிடும், கெதியாக அனுப்பு என்று. ஆள் அனுப்பினோம். பிள்ளை பிறந்த துடக்கு, அந்தத் தீட்டுக் கழியாமல் பச்சைப்பிள்ளையை வெளியில் கொண்டுவர மாட்டோம், முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்று அன்னமுத்து சொல்லிவிட்டா. பெரியவர் காத்திருக்கவில்லை. ஒரு பழைய ஏ ஃபோட்டி காரை வாடகைக்குப் பிடித்தார். "பூமணி, வாரும்" என்றார். அவருக்கு என் பெயர் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

போகும்போது அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. கார்க்காரர் மட்டும் பயத்தில் விடாமல் கதைத்தார். தொண்டைமானாற்றில் அப்போது ஆமி முகாம் இருந்தது.

வளவு முழுக்கப் பாயில் கருவாடு காய்ந்தது. அன்னமுத்து மரியாதைக்குத் தேத்தண்ணி நீட்டினா. துடக்கு வீட்டில் யாரும் வாய் நனைக்கமாட்டார்கள் என்ற துணிவில் நீட்டியது. பெரியவர் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்றார். மனுசி திகைத்துப்போய் இரண்டாம் முறையும் ஊத்தினா. அதன் பிறகு பிள்ளையின் காலைத் தரமாட்டேன் என்று சொல்ல அவவால் முடியவில்லை.

"ஐயா, திரும்பவும் வந்திட்டன். குறை நினையாதேங்கோ" என்று பிள்ளையிடம் சொல்லிக் குத்தினார். மூன்று வட்டமும் வடிவாக நிறைந்தது. தாளை எடுத்து நிமிர்கிறார், முகாம் பக்கமிருந்து வெடிச் சத்தம். கார்க்காரர் ஹோர்னை அமத்தியபடி, "ஐயா, வாறியளோ, இல்லாட்டி நான் போகட்டோ?" என்றார். ஈரத் தாளை மடித்துக் கொண்டுபோக முடியாது. பெரியவர் அதை அன்னமுத்துவின் கையில் கொடுத்தார்.

"அம்மா, இது நல்லாய்க் காயவேணும். ஈ மொய்க்கக்கூடாது, எறும்பு வரக்கூடாது, பழுதாகக்கூடாது. காய்ஞ்சாப் பிறகு ஆரிட்டையும் குடுத்துவிடுங்கோ."

"உதை எனக்கோ சொல்லித் தாறியள்?" என்றா அன்னமுத்து. "நான் பிறந்ததிலை இருந்து காய வைக்கிறன். பயப்படாமல் போங்கோ."

இரண்டு நாளில் பஸ்ஸில் ஒருவர் கொண்டுவந்து தந்தார். வாழைமடலில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, பார்க்கவே அருமை. பெரியவர் மேசையில் வைத்துப் பிரித்தார். அறை முழுக்கக் கருவாட்டு மணம். தாள் அப்பளம் மாதிரி வளைந்து விறைத்துப்போயிருந்தது. தூக்கியபோது மேட்ரனின் சிவப்பு நிலத்தில் பொலபொலவென்று உப்புக் கொட்டியது.

மனுசி ஒரு குறையும் வைக்கவில்லை. ஈ மொய்க்காமல், எறும்பு வராமல், பழுதாகாமல் இருக்க என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்திருந்தா. இரண்டு பக்கமும் உப்புத் தடவி, நல்ல உச்சி வெயிலில் பாயில் போட்டு, மத்தியானம் ஒருமுறை திருப்பியும் போட்டிருப்பா.

மேட்ரன் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு, "படிப்பறிவில்லாத சனம்" என்றா. எனக்குச் சுருக்கென்றது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். அந்த மனிதர் சிரித்ததை நாங்கள் கண்டதே அன்றுதான்.

"பிழை என்னிலை" என்றார் மேட்ரனிடம். "நிழல் எண்டு சொல்ல மறந்தது நான். காய வைக்கத் தெரிஞ்ச ஆளிட்டைக் காய வைக்கச் சொன்னன். அவ தன்ரை வேலையைச் சரியாய்ச் செய்திருக்கிறா."

சிரிப்பு அன்று மட்டும்தான். அடுத்த நாளே பாதை மூடிவிட்டது. முகாமிலிருந்து செல் குண்டு அடி. போகவும் முடியாது, வரவும் முடியாது. தேடுகிற பொருள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு போகிறது. வைகாசி வெயில் வேறு. பெரியவர் வாட்டு வாசலில் வந்து வந்து றோட்டைப் பார்த்துவிட்டுப் போவார்.

பாதை திறந்த அன்று வந்த முதல் பஸ்ஸில் அன்னமுத்து இறங்கினா. பிள்ளை மார்பில், யோகம் பின்னால். துடக்குக் கழிந்து, பிள்ளை மொட்டைத் தலையோடு. கை கால் துவண்டு, கண் உள்ளே போய், அழக்கூடப் பெலமில்லாமல் கிடந்தான். வயிற்றாலும் போகவில்லை, வாந்தியும் எடுக்கவில்லை, வெயிலில் வாடியே போனான் என்றாள் யோகம். பெரியவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடியதும் அன்றுதான் கண்டேன். உப்புத் தண்ணி சேலைன் ஏற்றினார்கள். குத்த நரம்பு கிடைக்கவில்லை. தலையில் தேடிக் குத்தினார். நான் தலையைப் பிடித்தேன். "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியில் அன்னமுத்து நிலத்தில் குந்தியிருந்தா. வாட்டையே கலக்கிய குரல் இல்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ என் கையைப் பிடித்தா.

"பிள்ளை, அந்தத் தாள் பழுதாய்ப் போச்சாம் எண்டு அதைக் கொண்டுவந்த ஆள் வந்து சொன்னவர். மெய்யே?"

நான் தலையை ஆட்டினேன்.

"அவன்ரை இரத்தத்துக்கெல்லோ உப்புப் போட்டனான். கருவாட்டுக்குப் போடுற மாதிரி. உப்புப் போட்டால் தண்ணியெல்லாம் இழுத்துப்போடுமெல்லோ. அதுதான் அவன் இப்பிடி வத்திப் போனவன். நான்தான் செய்தனான்."

டொக்டர்மாரிடம் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம். ஆனால் அன்று எழும்பிப்போய்ப் பெரியவரின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. "அந்த அம்மாவிட்டை ஒருக்கால் கதையுங்கோ ஐயா" என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வசனம் அது.

பெரியவர் வந்து அந்தச் சிவப்பு நிலத்தில் அவவுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். மேட்ரன் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"அம்மா, நீங்கள் உப்புப் போட்டதாலை இல்லை. நாங்கள் போடாததாலை. இவருக்கு வேர்வையாலை உப்பெல்லாம் வெளியிலை போகுது. அதுதான் தோல் கரிக்கிறது, அதுதான் வெயிலுக்கு வாடினவர். கடிதம் வரமுந்தியே நான் உப்புக் குடுக்கச் சொல்லியிருக்கவேணும். கடுதாசிக்குப் போட்ட உப்பைப் பிள்ளைக்குப் போட்டிருந்தால் என்ரை உதவியே தேவையில்லை."

அன்னமுத்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"அப்ப இனிப் போடட்டோ?"

"போடுங்கோ. அளவு நான் சொல்லித் தாறன். கடுதாசிக்கு மட்டும் வேண்டாம்."

பின்னேரம் பிள்ளை அழுதான். சேவல் மாதிரிக் குரல். யோகம் ஓடிப்போய் அவனைத் தூக்கி, முதல்முறையாக நெற்றியில் வாய் வைத்துக் கொஞ்சினாள். "கரிக்குது" என்றாள், அழுதுகொண்டே. "கரிக்குது மாமி."

"கரிக்கட்டும், விடு" என்றா அன்னமுத்து.

மூன்றாம் முறை வலது குதியில் குத்தினோம். தாளை நான் நிழலில் வைத்துக் காவல் இருந்தேன். அன்னமுத்துவும் பக்கத்தில் இருந்தா, வெயில் படுகிற பக்கமாகத் தன் முதுகைக் கொடுத்துக்கொண்டு. பதில் வந்தது. வருத்தம் அதுதான். பெரியவர் பதிலுக்குக் காத்திராமலே வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். தின்றது செமிக்கத் தூள் மருந்து வேண்டும், இங்கே கிடையாது. யோகத்தின் புருஷனுக்குக் கடல் தெரியும். எந்த வழியால் இந்தியாவிலிருந்து சேலையும் சவர்க்காரமும் வந்ததோ அந்த வழியால் மருந்தும் வந்தது. அது பன்றியிலிருந்து எடுப்பது என்று மேட்ரன் நல்ல மனதோடு போய்ச் சொல்லிவிட்டா. "பண்டியோ ஆடோ, பிள்ளைக்கு இறங்கினால் சரி" என்றா அன்னமுத்து. "சன்னதி முருகனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்." நெஞ்சுச் சளி இளக, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுகிற முறையைப் பெரியவர் எனக்குக் காட்ட, நான் யோகத்துக்குக் காட்டினேன்.

பிறகு தபால் ஒழுங்காகப் போகவில்லை, தாளும் முடிந்தது. பெரியவரும் வேறு இடம் போய்விட்டார். போகும்போது எனக்குச் சின்ன "ம்" ஒன்று சொன்னார்.

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறது என்று எங்கள் சனம் எல்லாம் வீடு வாசலை விட்டு எழும்பியபோது நானும் ஒரு பையோடு உரும்பிராயை விட்டேன். தென்மராட்சியால் சுற்றிப் பருத்தித்துறைப் பக்கம் வந்து சேர்ந்தபோது, றோட்டில் ஒரு குரல். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். அன்னமுத்து. அவர்களும் தொண்டைமானாற்றை விட்டு அங்கே உறவுக்காரர் வளவில் இருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை, பையைப் பறித்துக்கொண்டு நடந்தா.

வளவில் ஒரு பொடியன் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தான். மெலிவு. விரல் நுனிகள் அந்த வருத்தத்தால் உருண்டிருந்தன. ஓடுவான், நின்று இருமுவான், இருமலோடு மற்றவனை ஏமாற்றிப்போட்டு ஓடுவான். "டேய், இஞ்சை வா. உன்ரை காலைப் பிடிச்சு வைச்சிருந்த ஆள் இவதான்" என்றா அன்னமுத்து. அவன் என்னை முறைத்துப் பார்த்தான். அதே முறைப்பு.

எல்லாருக்கும் கஞ்சி வார்த்தார்கள். ஒரு வாய் வைத்தேன், நாக்குச் சுருண்டது. அன்னமுத்து பார்த்துவிட்டா.

"உப்புக் கூடவோ? இந்த வீட்டிலை எல்லாருக்கும் அவன்ரை அளவுதான். அவனுக்கெண்டு தனியாய்ப் போட்டால் தான் வருத்தக்காரன் எண்டெல்லோ நினைப்பான்."

யோகம் குடித்தாள். அவள் புருஷன் குடித்தான். நானும் குடித்தேன். இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன்.

அவன் இப்போது குளிர் நாடொன்றில் இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் ரெலிபோன் எடுப்பான். முதலில் இருமல் வரும், பிறகுதான் "மாமி" என்பான்.

நேர்ஸ் பிள்ளைக்கும் மலர் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருடங்களையும் மருந்துகளின் விபரத்தையும் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். எனக்கு அவ்வளவு விளங்காது. முக்கியமாக ஒன்று. முதல் குத்து இடது குதியில் என்று எழுதியிருக்கிறேன். போன பொங்கலுக்கு அவன் வலது என்று சாதித்தான். அவன் பிறந்து அப்போது ஒரு கிழமைகூட இல்லை, அவன் பேச்சை எப்படி நம்புவது? யாராவது அவனுக்கு ரெலிபோன் எடுத்து, காலைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள்.